மன்னருக்குப் பக்கத்தில் நின்ற சுபேதார்கள்: இந்திய ஆர்டர்லி அதிகாரிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

தமிழ்நாட்டில் ‘ஆர்டர்லி’ என்றதும் நினைவுக்கு வருபவர், உயரதிகாரியின் வீட்டில் காய்கறி வாங்கவும் துணி துவைக்கவும் அமர்த்தப்படும் காவலர். 1979இலேயே அரசாணை போட்டு ஒழித்த முறை அது. அப்படியும் 2022 வரை சென்னை உயர்நீதிமன்றம் அதைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அந்த நினைவோடு ‘மன்னரின் இந்திய ஆர்டர்லி அதிகாரி’ என்ற பதவிப் பெயரைப் படித்தால், லண்டன் அரண்மனையில் தட்டு ஏந்தி நிற்கும் இந்தியச் சிப்பாய்தான் மனத்தில் வருவார். அந்தப் படத்தை முதலில் அழித்துவிட வேண்டும்.

ராணுவத்தில் ஆர்டர்லி அதிகாரி என்பவர் தளபதியின் அருகில் காத்திருந்து, அவர் உத்தரவை உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். தொலைபேசியும் வானொலியும் வராத காலத்துப் போர்க்களத்தில் நம்பிக்கையானவருக்கே அந்த வேலை கிடைக்கும். அரண்மனைக்குள் வந்தபோது உத்தரவு கொண்டுபோகும் வேலை உதிர்ந்துவிட்டது. பக்கத்தில் நிற்பது மட்டும் சடங்காகத் தங்கியது.

பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்ட் 1903இல் இதை ஆண்டுதோறும் நடக்கும் ஏற்பாடாக்கினார். இந்திய ராணுவத்தின் பல படைப்பிரிவுகளிலிருந்தும் மூத்த இந்திய அதிகாரிகள் சிலர் தேர்வாவார்கள். பெரும்பாலும் நான்கு பேர். பம்பாயில் கப்பலேறி, சூயஸ் கால்வாய் வழியாக ஏறத்தாழ மூன்று வாரம் பயணம் செய்து லண்டன் போய்ச் சேர்வார்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான கோடைக்காலம் முழுக்க அரசரின் பொது நிகழ்ச்சிகளில் முழுச் சீருடையில் அவருக்கு அருகில் இருப்பார்கள். பிறகு ஊர் திரும்பித் தங்கள் படைப்பிரிவில் மீண்டும் சேர்ந்துகொள்வார்கள். அடுத்த ஆண்டு வேறு ஆட்கள். முதல் உலகப்போரில் இடையில் நின்றுபோன ஆண்டுகளைக் கழித்தால், 1939 வரை இது நடந்தது.

யார் இந்த அதிகாரிகள்?

இந்தப் பகுதி புரியாவிட்டால் மற்ற எதுவும் புரியாது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1900 வாக்கில் இந்தியக் காலாட்படையின் ஒரு பட்டாலியனை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பிரிட்டிஷ் மகுடத்தின் ஆணை பெற்ற ஆங்கில அதிகாரிகள் பத்துப் பன்னிரண்டு பேர். அடியில் சிப்பாய்கள், நாயக்குகள், ஹவில்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இந்திய அதிகாரிகள் சுமார் 16 பேர்: எட்டு ஜமேதார்கள், எட்டு சுபேதார்கள். சுபேதார்களில் மூத்தவர் சுபேதார் மேஜர். குதிரைப்படையில் ஜமேதாருக்கு மேலே ரிசால்தார், ரிசால்தார் மேஜர். இவர்கள் ஆணை பெற்றது வைஸ்ராயிடமிருந்து, லண்டனிலிருந்து அல்ல. தொடக்கத்தில் ‘நேட்டிவ் ஆபீசர்’, அப்புறம் ‘இந்தியன் ஆபீசர்’, கடைசியில் ‘வைஸ்ராய் ஆணை பெற்ற அதிகாரி’ என்று இவர்களின் பெயர் மாறிக்கொண்டே போனது. நிலை மாறவில்லை.

சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக மேலேறி, இருபது இருபத்தைந்து ஆண்டுச் சேவைக்குப் பிறகு ஒருவர் சுபேதார் ஆவார். எல்லைப்புறச் சண்டைகளைப் பார்த்தவர். தன் கம்பெனியின் ஒவ்வொரு சிப்பாயின் ஊரையும் குடும்பத்தையும் அறிந்தவர். ஆங்கிலேயத் தளபதிக்கும் சிப்பாய்க்கும் இடையே பாலமாக இருந்தவர் அவர்தான். ஆனாலும் நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய இருபது வயது ஆங்கிலேய இரண்டாம் லெப்டினன்ட் பதவி வரிசையில் அவருக்கு மேல். ஆங்கிலேயச் சாதாரணச் சிப்பாய்க்கு உத்தரவிடும் அதிகாரமும் அவருக்கு இல்லை.

மன்னருக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டவர்கள் இவர்கள்தான். மன்னருக்கு மிக அருகில் நிற்பதற்குத் தகுதி உண்டு, மன்னரின் ஆணை பெறுவதற்குத் தகுதி இல்லை. இந்த ஏற்பாட்டின் மையமே இந்த முரண்தான். பழைய புகைப்படம் எதைப் பார்த்தாலும் இதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

இந்தப் பதவிப் பெயர்களின் எச்சம் நம் ஊரிலும் உண்டு. கலெக்டருக்கு முன்னால் வெள்ளை உடையும் சிவப்புப் பட்டையும் தலைப்பாகையுமாக நடந்துபோகும் டபேதாரைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல் குதிரைப்படையிலிருந்து வந்தது. காலாட்படையின் ஹவில்தாருக்குச் சமமான பதவி தஃபேதார். சண்டைப் பதவியொன்று சடங்குப் பதவியாக மாறும் விதத்தைப் புரிந்துகொள்ள லண்டன் வரை போக வேண்டியதில்லை.

1903க்கு முன்

கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சி மகுடத்தின் கைக்குப் போனது 1858இல். சிப்பாயின் விசுவாசம் அதுவரை கம்பெனியின் உப்புக்கு. அதன் பிறகு அது கண்ணால் பார்த்தறியாத ஓர் அரசிக்கு. முகம் தெரியாத ஒருவருக்கு விசுவாசத்தை வளர்ப்பது கடினம் என்பதை ஆட்சியாளர்கள் அறிந்திருந்தார்கள். படைப்பிரிவுகளுக்கு அரச குடும்பத்தார் பெயரைச் சூட்டுவது அதற்கொரு வழியாக இருந்தது. ராணுவப் பொறியாளர் படையான சென்னை சாப்பர்ஸுக்கு 1876இல் ‘குயின்ஸ் ஓன்’ என்ற சிறப்புப் பெயர் கிடைத்தது இப்படித்தான். விக்டோரியா ‘இந்தியப் பேரரசி’ பட்டம் ஏற்க நாடாளுமன்றம் சட்டம் செய்ததும் அதே ஆண்டில்தான். அரசருடன் ஆசியப் படை அதிகாரிகள் நிற்கும் மரபு அந்த ஆண்டில் விக்டோரியா தொடங்கியது என்றுதான் பக்கிங்ஹாம் அரண்மனை இன்றும் சொல்கிறது.

லண்டன் மக்கள் கூட்டமாக நின்று இவர்களைப் பார்த்தது 1887 ஜூன் 21 அன்று, விக்டோரியாவின் பொன்விழா ஊர்வலத்தில். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குப் போன அந்த ஊர்வலத்தில் இந்தியக் குதிரைப்படை அதிகாரிகள் காவல் அணியாக வந்தார்கள். 1897 ஜூன் 22 அன்று வைரவிழா ஊர்வலத்திலும் வந்தார்கள். 1902இல் எட்வர்டின் முடிசூட்டுக்கு ஒரு பெரிய இந்திய அணியே போய் ஹாம்ப்டன் கோர்ட் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்கியது. ஜூன் 26க்குக் குறித்த முடிசூட்டு, அரசருக்குக் குடல்வால் பகுதியில் அழற்சி கண்டு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்ததால் ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போனது. அதுவரை அந்த அணி அங்கேயே காத்திருந்தது. மறு ஆண்டில் ஆர்டர்லி அதிகாரி ஏற்பாடு வந்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். விக்டோரியா தன் கடைசிக் காலத்தில் இந்தியப் பணியாளர்களை அரண்மனையில் வைத்திருந்தார். அவர்களில் பெயர் பெற்றவர் முன்ஷி அப்துல் கரீம், ஆக்ராச் சிறையில் எழுத்தராக இருந்தவர். 1887இல் பணியாளராக வந்து, அரசிக்கு இந்துஸ்தானி கற்றுத்தரும் ஆசிரியராக உயர்ந்தார். அரசி 1901 ஜனவரி 22 அன்று மறைந்ததும் எட்வர்ட் அவரை ஊருக்கு அனுப்பிவைத்தார். அவரிடமிருந்த கடிதங்களையும் எரிக்கச் செய்தார். அதே எட்வர்ட் இரண்டே ஆண்டில் இந்திய ராணுவ அதிகாரிகளைப் பக்கத்தில் அழைத்து நிறுத்திக்கொண்டார். இது அரசரின் முரண்பாடு என்று தோன்றலாம். ஆனால் முன்ஷி அரசியின் சொந்த விருப்பத்தில் வந்து செல்வாக்குப் பெற்ற தனி மனிதர். ஆர்டர்லி அதிகாரி ஆண்டுதோறும் மாறுபவர், படைப்பிரிவின் பிரதிநிதி, செல்வாக்குச் சேர்த்துக்கொள்ள நேரமே இல்லாதவர்.

என்ன வேலை செய்தார்கள்?

முக்கியமான நிகழ்ச்சிகள் இரண்டு வகை. முதலாவது ‘லெவீ’. வரி வசூலைக் குறிக்கும் லெவியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் பகல் வேளையில் ஆண்களுக்கு மட்டும் நடக்கும் அரச சந்திப்பு இது. சீருடையிலோ அரசவை உடையிலோ வருபவர்கள் வரிசையாக நடந்து அரசர் முன் வருவார்கள். அட்டையிலுள்ள பெயரை அரண்மனை அதிகாரி உரக்கப் படிப்பார். வந்தவர் தலை வணங்க, அரசரும் பதிலுக்குத் தலை தாழ்த்த, வரிசை நகரும். இரண்டாவது ‘கோர்ட்’. பக்கிங்ஹாம் அரண்மனையில் இரவில் நடப்பது. உயர்குடிப் பெண்கள் தலையில் மூன்று தீக்கோழி இறகும் தரையில் புரளும் நீண்ட அங்கியுமாக வந்து அரச தம்பதிக்கு முழங்கால் மடக்கி வணக்கம் செலுத்துவார்கள். விக்டோரியா காலத்தில் மதியம் நடந்த இதை இரவுக்கு மாற்றியவரும் எட்வர்ட்தான்.

இரண்டிலும் இந்திய அதிகாரிகளின் இடம் அரசருக்கு அருகில். மணிக்கணக்காக அசையாமல் நிற்க வேண்டும். பேச்சு கிடையாது. கேட்க எளிது, செய்யக் கடினம். லெவீயில் நூற்றுக்கணக்கானவர்கள் கடந்துபோவார்கள். அத்தனை பேரின் கண்ணிலும் இந்திய ராணுவம் என்றால் அந்த ஒரு சிலர்தான்.

சிக்கல்கள் பெரும்பாலும் பழக்கவழக்கத்தில் வந்தன. ஐரோப்பிய வழக்கில் கூரைக்குள் வந்ததும் தொப்பியைக் கழற்றுவது மரியாதை. இந்திய வழக்கில் தலைப்பாகையோடு நிற்பதுதான் மரியாதை, பெரியவர் முன் வெறுந்தலையோடு போவது அவமதிப்பு. ஆகவே ஆங்கிலேயர்கள் தொப்பியைக் கையில் வைத்திருந்த கூடத்தில் இந்திய அதிகாரிகள் தலைப்பாகையோடு நின்றார்கள். பழைய ஓவியத்தில் இதைப் பார்த்து ‘இவர்களுக்கு மட்டும் சலுகையா’ என்று நினைக்க வேண்டாம். இருபக்க மரியாதைக்கும் இடம் கொடுத்த ஏற்பாடு அது. மொழி இன்னொரு சிக்கல். சிப்பாய் நிலையிலிருந்து உயர்ந்த இவர்களில் பலருக்கு இந்துஸ்தானியோ பஞ்சாபியோ தெரிந்த அளவு ஆங்கிலம் வராது. மொழி தெரிந்த, இந்தியப் படையைச் சேர்ந்த ஓர் ஆங்கில அதிகாரி கூடவே இருப்பது அதனால்தான்.

உணவு சின்ன விஷயமில்லை. சீக்கியர், பஞ்சாபி முஸ்லிம், ராஜபுத்திரர், டோக்ரா, கூர்க்கா என்று ஒவ்வொருவருக்கும் இறைச்சி வெட்டும் முறையிலிருந்து சமைக்கும் கை வரை விதி உண்டு. 1914இல் பிரைட்டன் அரச மாளிகையை இந்தியச் சிப்பாய்களின் மருத்துவமனையாக மாற்றியபோது ஒன்பது சமையலறைகள் வைக்க வேண்டியிருந்தது. கடல் கடப்பதே சாதி இந்துக்களுக்குத் தோஷமாகக் கருதப்பட்ட காலம். ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் மாதோ சிங் 1902 முடிசூட்டுக்குப் போனபோது, ஒவ்வொன்றும் 345 கிலோ எடையுள்ள பெரிய வெள்ளிக் குடங்களில் கங்கை நீரைக் கப்பலில் ஏற்றிப் போனார். ஒரு குடம் சுமார் 4,000 லிட்டர் கொள்ளும். அந்தக் குடங்களை ஜெய்ப்பூர் அரண்மனையில் இன்றும் பார்க்கலாம். அதே கடலைக் கடந்த சுபேதாருக்கு அப்படி வெள்ளிக் குடம் எதுவும் இல்லை.

வாள்பிடி

இந்தச் சடங்குகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். இந்திய அதிகாரி ஒருவர் அரசரைச் சந்திக்கும்போது, தன் வாளின் பிடியை முன்னால் நீட்டுவார். அரசர் அதை விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் சடங்கு. அதிகாரி ஆயுதத்தை ஒப்படைத்துச் சரணடைகிறார் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அப்படியல்ல.

முகலாய தர்பாரில் ‘நஜர்’ என்றொரு வழக்கம் உண்டு. கீழுள்ளவர் பொன்னையோ பொருளையோ மேலுள்ளவருக்குக் காணிக்கையாக நீட்டுவார். மேலுள்ளவர் அதைத் தொட்டு ஏற்றுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். போர்வீரனின் காணிக்கை பொன் அல்ல, வாள். ‘என் வாள் உங்களுடையது’ என்பது அவர் நீட்டுவதன் பொருள். ‘ஏற்றேன், உன்னிடமே இருக்கட்டும்’ என்பது தொடுவதன் பொருள். முனையை நீட்டாமல் பிடியை நீட்டுவது, எதிரிலிருப்பவர் வாளை எடுத்துக்கொள்ள வசதியாக. இரண்டு பேருக்கும் இந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். அரசர் வாளை முழுதாக வாங்கிக்கொண்டால் சடங்கே குலைந்துபோகும். தொடாமல் விட்டால் பெரிய அவமதிப்பு.

உடையைப் படிப்பது எப்படி?

ஆர்டர்லி அதிகாரி அணிவது அரண்மனைக்கென்று தைத்த உடை அல்ல, அவருடைய படைப்பிரிவின் முழு விழாச் சீருடை. அதனால் உடையைப் படிக்கத் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிக்கப் பாதி வழி வந்துவிட்டது. முழங்கால் வரை வரும் நீண்ட குர்தா, அதன் மேல் இடுப்பைச் சுற்றிய அகலமான கமர்பந்து. அதற்கு மேல் தலைப்பாகை. தலைப்பாகைத் துணிக்கு ராணுவ வழக்கில் பெயர் ‘லுங்கி’. சீருடை விதிகளைப் படிக்கும் தமிழர் எவரும் இந்த இடத்தில் ஒருமுறை திகைத்துத்தான் போவார். அங்கே லுங்கி தலையில் கட்டுவது, நமக்கு இடுப்பில் கட்டுவது.

தலைப்பாகையின் நடுவில் கூம்பு வடிவக் குல்லா எட்டிப் பார்த்தால், அணிந்திருப்பவர் பெரும்பாலும் பஞ்சாபி முஸ்லிம் அல்லது பட்டாணியர். சீக்கியர் குல்லா வைத்துக்கொள்வதில்லை, துணியை முடிமேலேயே சுற்றிக்கொள்வார்கள். ‘சீக்கிய அதிகாரி’ என்று குறிப்பெழுதிய படத்தில் குல்லா தெரிந்தால் அந்தக் குறிப்பைச் சந்தேகப்படுங்கள். கூர்க்காவுக்குக் கருமை படர்ந்த பச்சைச் சீருடை, தலையில் சின்ன வட்டத் தொப்பி, இடுப்பில் குக்ரி என்ற வளைந்த கத்தி. நிறம் தெரியும் படமோ ஓவியமோ கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்கின்னர் குதிரைப்படைக்கு மஞ்சள் உடை, தூரத்திலிருந்தே தெரியும்.

கழுத்தையும் பாருங்கள். கழுத்தில் நாடாவில் நட்சத்திரப் பதக்கம் தொங்கினால் அது ‘ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா’வாக இருக்க வாய்ப்பு அதிகம். நீண்ட, மதிப்பான சேவைக்காக இந்திய அதிகாரிகளுக்கு மட்டும் 1837இல் தொடங்கிய விருது அது. முதல் வகுப்புப் பதக்கத்தில் மகுடம் இருக்கும், பெற்றவர் ‘சர்தார் பகதூர்’. இரண்டாம் வகுப்பில் மகுடம் இராது, பெற்றவர் ‘பகதூர்’. இந்தப் பட்டங்களை மனிதரின் பெயர் என்று எண்ணி அகராதியில் சேர்த்தவர்கள் உண்டு. ‘சுபேதார் மேஜர் இன்னார் சர்தார் பகதூர்’ என்றிருந்தால் கடைசி இரண்டு சொல்லும் பட்டம். ஆனால் ராவ் பகதூர், கான் பகதூர் என்பவை வேறு கணக்கு. பெரும்பாலும் சிவில் சேவைக்கும் பொதுப்பணிக்கும் கொடுத்தவை அவை.

படங்களில் தென்னிந்திய முகங்களைத் தேடுபவர்கள் ஏமாறுவார்கள். 1880களிலிருந்து தளபதி ராபர்ட்ஸ் போன்றவர்கள் ‘போர்க்குடிகள்’ என்ற கொள்கையை ஆள்சேர்ப்பில் திணித்தார்கள். பஞ்சாபியும் பட்டாணியரும் கூர்க்காவும் இயல்பிலேயே வீரர், சென்னைக்காரர் அப்படியல்ல என்பது அந்தக் கொள்கை. ஆதாரமே இல்லாத பேச்சு. அதற்கு முன்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கம்பெனிக்குத் தெற்கை வென்று கொடுத்தது சென்னைப் படைதான். ஆனாலும் அந்தப் பேச்சு வென்றது. 1920களின் இறுதிக்குள் சென்னைக் காலாட்படையை முழுதாகக் கலைத்துவிட்டார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உயிர் பெற இரண்டாம் உலகப்போரும் 1941ஆம் ஆண்டும் வர வேண்டியிருந்தது.

யாரோடெல்லாம் குழப்பிக்கொள்ளக் கூடாது?

மன்னருக்குப் பக்கத்தில் தலைப்பாகையோடு நின்றவர்கள் எல்லாரும் ஆர்டர்லி அதிகாரிகள் இல்லை. சமஸ்தான மன்னர்கள் பலருக்கு அரசரின் கௌரவ ஏடிசி (மெய்த்துணை அதிகாரி) பதவி கிடைத்தது. பிகானேர் கங்கா சிங் ஐந்தாம் ஜார்ஜுக்கு ஏடிசி, ஜோத்பூர் அரச குடும்பத்துப் பிரதாப் சிங் எட்வர்டுக்கு நெருக்கமானவர். இவர்களுக்குக் கர்னல், ஜெனரல் என்று கௌரவப் பதவிகள் இருந்தன. உடையில் நகையும் இருக்கும். சுபேதார் உடையில் பதக்கம் மட்டுமே. பெரிய நிலக்கிழார்களும் உண்டு. 1911 டிசம்பர் 12 டெல்லி தர்பாரில் துணைக் கட்டியக்காரராக முழங்கியவர் பஞ்சாபின் மாலிக் உமர் ஹயாத் கான் திவானா. ராணுவ உடை அணிந்திருந்தாலும் அவர் சிப்பாயாகச் சேர்ந்து மேலேறியவர் அல்லர், பிறப்பாலும் நிலத்தாலும் வந்த மதிப்பு அவருடையது.

1902, 1911, 1937 முடிசூட்டுகளுக்குப் போன பெரிய அணிகளும் வேறு. அவற்றில் சிப்பாய் முதல் எல்லா நிலையினரும் இருந்தார்கள், நிகழ்ச்சி முடிந்ததும் திரும்பினார்கள்.

போரும் அதன் பிறகும்

1914இல் இந்தியப் படை பிரான்சுக்குப் போனது. சிப்பாய்க்கும் மன்னருக்கும் இடையிலிருந்த தூரம் அரண்மனை வழியாக அல்லாமல் மருத்துவமனை வழியாகக் குறைந்தது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸைப் பெறும் உரிமையே இந்தியர்களுக்கு 1911 டெல்லி தர்பாரில்தான் கிடைத்தது. அதை முதலில் பெற்ற இந்தியச் சிப்பாய், 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹோல்பெக்கில் போரிட்ட குதாதாத் கான். 1915 ஆகஸ்ட் 25 அன்று பிரைட்டனில் ஐந்தாம் ஜார்ஜ், விஷவாயுவால் பாதிக்கப்பட்டிருந்த ஜமேதார் மீர் தஸ்துக்குத் தன் கையால் அந்தப் பதக்கத்தைக் குத்தினார். ஒருமுறை காயம்பட்டவரை மறுபடி போர்முனைக்கு அனுப்ப வேண்டாம் என்று மீர் தஸ்த் அப்போது மன்னரிடம் கேட்டுக்கொண்டதாக அந்தக் காலச் சிப்பாய்க் கடிதங்கள் சொல்கின்றன. லெவீயில் மௌனமாக நின்ற அதிகாரிகளுக்கு அப்படி ஒரு வாக்கியம் பேசும் வாய்ப்பு வந்ததே இல்லை.

1917இல் இந்தியர்களும் மன்னரின் ஆணை பெறலாம் என்று அறிவித்தார்கள். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவப் பள்ளியில் ஆண்டுக்குப் பத்து இடம். இந்தூர் டேலி கல்லூரியில் பயிற்சி பெற்று 1919இல் வெளிவந்த முதல் அணியில், பின்னாளில் இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கே.எம். கரியப்பா இருந்தார். 1932இல் டேராடூன் ராணுவ அகாடமி வந்தது. இவர்கள் ஆங்கிலேய அதிகாரிகளின் வரிசையில் நுழைந்தவர்கள், சுபேதார்கள் பழைய நடுமாடியிலேயே இருந்தார்கள். அரசருக்குப் பக்கத்தில் நிற்க ஒவ்வொரு கோடையிலும் போனவர்கள் அப்போதும் சுபேதார்களும் ரிசால்தார்களும்தான். பயிற்சி பெற்ற இளம் இந்திய அதிகாரி வந்த பிறகும் சடங்குக்குத் தேவைப்பட்டது பழைய, நரைத்த தாடி வைத்த விசுவாசத்தின் உருவம்.

1939 கோடைதான் கடைசி. போர் தொடங்கியது, லெவீயும் அதோடு நின்றது. 1947க்குப் பிறகு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வைஸ்ராய் ஆணை பெற்றவர்கள் ‘ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்’, சுருக்கமாக ஜேசிஓ, ஆனார்கள். இந்தியாவில் ஜமேதார் இப்போது நாயிப் சுபேதார். தோளில் ஒரு நட்சத்திரமும் பட்டையும் இருந்தால் நாயிப் சுபேதார், இரண்டு இருந்தால் சுபேதார், சிங்கமுகச் சின்னம் இருந்தால் சுபேதார் மேஜர்.

சடங்கு முழுதாகச் சாகவில்லை. 1947 நவம்பரில் இந்தியா, நேபாளம், பிரிட்டன் மூன்றும் செய்த ஒப்பந்தப்படி பத்து கூர்க்கா ரெஜிமென்டுகளில் 2, 6, 7, 10 ஆகிய நான்கும் பிரிட்டனுக்குப் போயின, ஆறு இந்தியாவில் தங்கின. பிரிட்டனுக்குப் போனவர்களை வைத்து இரண்டாம் எலிசபெத் 1954இல் பழைய வழக்கத்தை மீட்டார். ஆண்டுதோறும் இரண்டு கூர்க்கா ஆர்டர்லி அதிகாரிகள். இன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் விருது வழங்கும் நாளில் அரசர் நடனக் கூடத்துக்குள் நுழையும்போது இரு பக்கமும் வருபவர்கள் அவர்கள்தான். மேடையில் 1485இல் தொடங்கிய பழைய மெய்க்காவல் படையினர் ஐந்து பேர் நிற்பார்கள். பெயர் படிக்கப்படும். ‘சர்’ (நைட்) பட்டம் பெறுபவர் சிறு முக்காலியில் மண்டியிட, ஆறாம் ஜார்ஜின் வாளால் அரசர் தோளைத் தொடுவார். கூர்க்காக்கள் அசையாமல் நிற்பார்கள். ஓராண்டுப் பணி முடிந்ததும் அவர்களுக்கு ராயல் விக்டோரியன் ஆர்டர் கிடைக்கும். 1896இல் விக்டோரியா தொடங்கிய விருது அது, அமைச்சரவையின் பரிந்துரை இல்லாமல் அரசரே தன் விருப்பப்படி கொடுப்பது.

ஒரு பெயரைத் தேடுவது

வீட்டில் பழைய பதக்கமோ படமோ வைத்திருப்பவர்களுக்கும், அருங்காட்சியகத்தில் பெயர் இல்லாத படத்தைக் காண்பவர்களுக்கும் இது உதவும். முதலில் படைப்பிரிவின் எண்ணைப் பிடியுங்கள். இந்தியப் படையின் தலைமைத் தளபதி கிச்சனர் 1903இல் எண்களை ஒரே வரிசையில் வருமாறு மாற்றியமைத்தார். சென்னைக் காலாட்படை எண்ணோடு 60ஐக் கூட்டினார்கள், பம்பாய்ப் படை எண்ணோடு 100ஐக் கூட்டினார்கள். 1ஆம் மெட்ராஸ் 61 ஆனது, 1ஆம் பம்பாய் 101 ஆனது. 1922 வாக்கில் மறுபடி கலைத்துச் சேர்த்தார்கள், 39 குதிரைப்படைகள் 21 ஆகச் சுருங்கின. எண்ணை வைத்தே படம் எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம்: மூன்று இலக்கக் காலாட்படை எண் என்றால் 1903க்கும் 1922க்கும் நடுவில்.

எண் கிடைத்ததும் அந்த ஆண்டின் ‘இந்தியன் ஆர்மி லிஸ்ட்’டில் அந்தப் படைப்பிரிவின் பக்கத்தைப் பாருங்கள், இந்திய அதிகாரிகளின் பெயர்கள் அங்கே இருக்கும். பிறகு லண்டன் கெஜட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, விருது அறிவிப்பை அதில் தேடலாம். மேலும் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ராணுவக் கோப்புகள், டெல்லி தேசிய ஆவணக் காப்பகம்.

தேடும்போது அதிகம் தடுமாற வைப்பது எழுத்துக்கூட்டல். உருதுவிலும் குர்முகியிலும் நேபாளியிலும் இருந்த பெயரை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே மனிதர் ஆர்மி லிஸ்ட்டில் ஒரு விதமாகவும் கெஜட்டில் இன்னொரு விதமாகவும் செய்தித்தாளில் மூன்றாவது விதமாகவும் இருப்பார். சிங், கான், குருங் போன்ற பொதுப் பெயரை வைத்துத் தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். முதற்பெயரின் எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, படைப்பிரிவு எண்ணோடும் ஆண்டோடும் சேர்த்து ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ‘மன்னருடன் ஓர் இந்திய அதிகாரி’ என்று மட்டும் எழுதியிருக்கும் படங்கள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பலருக்கு இந்த வழியில் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட முடியும்.